கடல் தாண்டிய கோஷ்டியும் பின்தங்கிய பெட்டியும்

சிங்கப்பூரில் இறங்கி, கடற்பாலத்தைக் கடந்து, ஜொகூர் பாருவின் கண்ணாடிக் கோயிலைத் தரிசித்து, மலாக்கா வழியாகக் கோலாலம்பூர் போய்ப் பத்துமலை முருகனைச் சேவிப்பது என்று, தமிழ்நாட்டு யாத்திரைக் கோஷ்டிகளுக்கு இன்று ஏறக்குறைய நிர்ணயமாகிவிட்ட பிரயாண மார்க்கம் ஒன்று உண்டு. ஜொகூர் பாருவாசியான நான், மதுரையிலிருந்து இருபத்திரண்டு பேர் கொண்ட அத்தகைய கோஷ்டி ஒன்றோடு வந்த என் பெரியம்மாவைப் பார்ப்பதற்காகச் சென்ற ஆண்டு அருள்மிகு ராஜகாளியம்மன் ஆலயத்துக்குப் போயிருந்தேன். சுவரும் விதானமும் கண்ணாடிச் சில்லுகளால் இழைக்கப்பட்டு 2009-இல் புதுக்கோலம் பூண்ட அந்த ஆலயத்தின் அத்தனை பிரகாசத்துக்கும் நடுவில், பெரியம்மா ஒரு துணிப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"பெட்டி வரலப்பா. மாத்திரை, மாத்துச்சேலை, உனக்குப் போட்ட வடாம் எல்லாம் அதுலதான் இருக்கு. பஸ்ஸு நிக்குது, எல்லாரும் ஏறிட்டாங்க. நான் ஒருத்தி எத்தனை பேரைக் காக்க வைக்கிறது? நானும் ஏறிட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைத் திடுக்கிட வைத்தது. தனியாகப் போகிற பிரயாணி பெட்டி வரவில்லையென்றால் அங்கேயே நின்று நாலு பேரை விசாரிப்பான். கூட்டத்தோடு போகிறவர்களுக்கோ, தம்மால் பிறருக்குத் தாமதம் நேர்ந்துவிடுமே என்ற சங்கோசம் நாக்கைக் கட்டிவிடுகிறது. விமான நிலையத்தில், சாமான்கள் சுற்றிவரும் பட்டைக்கு அருகிலேயே, வராத பெட்டிகளுக்கென்று ஒரு முறையீட்டுச் சாளரம் உண்டு. பெட்டியில் கட்டிய சீட்டின் அடிக்கட்டையைக் காட்டி, படங்கள் அச்சிட்ட அட்டையில் பெட்டியின் வகையையும் நிறத்தையும் தொட்டுக் காண்பித்து, அங்கே முறையீடு எழுதிக்கொடுத்தால், தேடுதலுக்குரிய எண் ஒன்றைத் தருவார்கள். பிறகு தொலைபேசியில் முறையிடலாம் என்றாலும், பெட்டி வரவில்லை என்பதற்குக் கைமேல் அத்தாட்சி வேண்டுமானால் அந்தக் கூடத்தை விட்டு வெளியேறுமுன்பே எழுதி வாங்கிவிடுவதுதான் க்ஷேமம். சிங்கப்பூர்–ஜொகூர் யாத்திரையிலோ அங்கே செலவிடும் அரைமணியின் மதிப்பு இன்னும் அதிகம். ஏனெனில் அடுத்த இரண்டு மணி நேரத்தில் பெட்டிக்கும் அதன் சொந்தக்காரருக்கும் இடையே ஒரு தேசத்தின் எல்லை வந்து நின்றுவிடுகிறது.

முறையிடுவதற்குப் பெட்டிச் சீட்டின் எண் வேண்டுமே! மதுரையில் கோஷ்டி முழுவதற்கும் சேர்த்து ஒரே தடவையில் சாமான்களை எடைபோட்டு, இருபத்திரண்டு அடிக்கட்டைகளையும் வழிகாட்டியின் ஒரே உறையில் ஒட்டிவிட்டார்கள். அதில் பெரியம்மாவுடையது எது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆகவே கோயிலின் வாகன நிறுத்தத்தில் பேருந்தின் வயிற்றைத் திறக்கச்சொல்லி, ஒவ்வொரு பெட்டியின் கைப்பிடியிலும் இன்னும் தொங்கிய சீட்டை நான் உரக்கப் படிக்க, பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண் உறையிலுள்ள எண்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வர, கடைசியில் அடிபடாமல் ஓர் எண் எஞ்சியது. அதுவும் பெரியம்மாவின் பெயரில் இல்லை. எடையைப் பங்கிட்டபோது வேறொருவர் பெயரில் பதிவாகியிருந்தது. சேர்ந்து உண்பதும் சேர்ந்து உறங்குவதும் யாத்திரைக்கு அழகுதான். ஆனால் அடிக்கட்டை அவரவர் கையில், அவரவர் பெயரில் இருக்கவேண்டும் என்று அன்றிலிருந்து பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிவருகிறேன்.

விமானக் கம்பெனிக்குத் தொலைபேசியில் அந்த எண்ணைச் சொன்னபோது, பெட்டியின் அடையாளம் கேட்டார்கள். கறுப்புப் பெட்டி என்றால் உலகத்தில் பாதிப் பெட்டிகள் கறுப்பு. நல்லவேளையாகப் பெரியம்மா பழைய சுங்குடிச் சேலையின் பச்சைக் கரையைக் கிழித்துக் கைப்பிடியில் முடிந்திருந்தார். என் பாட்டனார் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிக் கொண்டுவந்த தகர டிரங்குப் பெட்டி எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. அதன் மூடியில் அவர் பெயர், தகப்பனார் பெயர், கிராமம், தாலுகா எல்லாம் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும். அந்தக் காலத்தவரின் ஜாக்கிரதையைச் சுங்குடித் துணியில் கண்டபோது எனக்கு மனம் நெகிழ்ந்தது. வெளியே கட்டியது அறுந்துபோனாலும் உதவும்படி, பெட்டிக்குள்ளும் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய காகிதம் ஒன்றை வைப்பது நல்லது.

விமானம் மாறிய ஊரிலேயே பெட்டி தங்கிவிட்டது என்று தெரிந்ததும், அதைச் சிங்கப்பூருக்கு அனுப்பவேண்டாம், கோஷ்டி மூன்றாம் நாள் போய்ச்சேரும் கோலாலம்பூருக்கே அனுப்புங்கள் என்று கேட்டு, தேதிவாரியாகத் தங்குமிடங்களின் விலாசத்தைத் தந்தோம். பெட்டி நம்மைத் துரத்திக்கொண்டு வரக்கூடாது. நாம் போகுமிடத்துக்கு முன்னதாகப் போய்க் காத்திருக்கவேண்டும்.

அவசரமானது மாத்திரை. "காலையில ஒரு வெள்ளை மாத்திரை" என்பதற்கு மேல் பெரியம்மாவுக்குத் தெரியாது. மதுரையிலிருந்த பேத்தி மாத்திரை அட்டையைப் படமெடுத்து அனுப்பிய பிறகே, கிளினிக் டாக்டர் அது ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் என்று கண்டு எழுதிக்கொடுத்தார். கம்பெனி வைக்கும் பெயர் தேசத்துக்குத் தேசம் மாறும். மருந்தின் மூலப் பெயர் பெரும்பாலும் மாறாது. அந்தப் பெயரை எழுதிய சீட்டும் ஒரு வாரத்து மாத்திரையும் கைப்பையில்தான் இருக்கவேண்டும்.

ஜாலான் உங்கு புவான் கடைவீதியில் இரண்டு சேலையும் ஒரு துண்டும் வாங்கி, ரசீதுகளைப் பத்திரப்படுத்தினேன். 1999-இல் மாண்ட்ரியல் நகரில் ஏற்பட்ட சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்திருக்கின்றன. அதன்படி, தாமதமான பெட்டிக்கு அது கைக்குக் கிடைத்த 21 நாட்களுக்குள்ளும், சேதமான பெட்டிக்கு 7 நாட்களுக்குள்ளும் எழுத்துமூலம் முறையிடவேண்டும். வந்திருக்கவேண்டிய நாளிலிருந்து 21 நாள் கடந்தும் வராத பெட்டி தொலைந்ததாகவே கருதப்படும். நஷ்டஈட்டின் உச்ச வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பிரயாணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். என்னும் சர்வதேசக் கணக்கலகு, அதாவது ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல். இது வரம்பேயன்றிக் கட்டாயம் கிடைக்கும் தொகையன்று. நஷ்டத்தை ரசீதால் நிரூபிப்பவருக்கே பயன்.

பெட்டி போனால் பணத்தோடு போயிற்று. கடப்பிதழ், அதாவது பாஸ்போர்ட், போனால்தான் பெருந்துன்பம். எல்லையில் எல்லோரும் பேருந்தை விட்டு இறங்கி, குடிநுழைவுக்கும் சுங்கச் சோதனைக்கும் வரிசையில் நிற்கும் அந்த நெரிசலில், ஒருவர் பையை மற்றொருவர் தூக்கிப்போவதும் கடப்பிதழை எங்கோ வைத்துவிட்டுத் தவிப்பதும் சகஜம். ஜொகூரில் தொலைத்தவர் முதலில் போலீஸ் நிலையத்தில் புகார் எழுதி, பிறகு சுமார் 330 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்துக்குப் போகவேண்டும். அங்கே கிடைக்கும் அவசரச் சான்றிதழ் இந்தியா திரும்புவதற்கு மட்டுமே செல்லும். ஆதலால் கோஷ்டி சிங்கப்பூர் வழியாகத் திரும்பும்போது, அவர் பெரும்பாலும் தனியே கோலாலம்பூரிலிருந்து விமானம் ஏற நேரிடும். அந்த நிலையில் துணைக்கு ஒருவர் தங்குவது யார் என்பதைப் புறப்படுமுன்பே பேசிவைத்துக்கொள்ளும் கோஷ்டிகளை நான் மிகவும் மதிக்கிறேன்.

பெரியம்மா தனியே அலையக்கூடாதென்று நானும் கோலாலம்பூருக்குப் பேருந்தில் ஏறிக்கொண்டேன். பெட்டி எண் யார் பெயரில் பதிவாகியிருந்ததோ அவரையும் கையோடு விமான நிலையத்துக்கு அழைத்துப்போய், முறையீட்டு எண்ணைச் சொன்னவுடன், உள்ளேயிருந்து பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பச்சைக் கரை அப்படியே இருந்தது. ஒரு சக்கரம் மட்டும் உடைந்திருந்தது. "போகட்டும்ப்பா, வடாம் நொறுங்காம இருக்குல்ல, கிளம்பு" என்றார் பெரியம்மா. நான் அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, சக்கரத்துக்கு வேறொரு முறையீடு எழுத மறுபடியும் அந்தச் சாளரத்துக்குப் போனேன்.