செய்தியின் எழுவாய்: தேர்தல் காலத் தமிழ் நாளிதழ்கள் குறித்துச் சில சிந்தனைகள்

அமெரிக்க நாளிதழ்கள் தேர்தல் காலத்தில் ஒரு வேட்பாளரை ஆதரித்துத் தலையங்கம் எழுதுவது நெடுங்கால மரபாகும். 2008ஆம் ஆண்டு சிகாகோ டிரிபியூன் ஒபாமாவை ஆதரித்தது. சனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஒருவரை அவ்விதழ் ஆதரித்தது அதுவே முதன்முறை. 2024இல் வாஷிங்டன் போஸ்ட் எவரையும் ஆதரிப்பதில்லை என அறிவித்தபோது வாசகர் பலர் சந்தாவை நிறுத்தினர். செய்திக்கும் கருத்துக்கும் இடையிலான எல்லை அங்கு எப்போதும் காக்கப்படுவதாகக் கூறவியலாது. ஆயினும் கருத்துக்கென ஓர் இடம் உண்டு. நம் தமிழ் நாளிதழ்களில் கருத்து எங்கே வைக்கப்படுகின்றது என்பதே இக்கட்டுரையின் வினா.

2008 மார்ச் 8இல் நடைபெற்ற நம் நாட்டின் 12ஆவது பொதுத்தேர்தலை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். 2007 நவம்பர் 25இல் கோலாலம்பூரில் இண்ட்ராப் பேரணி நிகழ்ந்திருந்தது. அக்காலத்தில் தமிழ் நேசன், ம.இ.கா. தலைவர் சாமிவேலுவின் குடும்பத்தாரோடும், மக்கள் ஓசை, அக்கட்சியின் முன்னாள் துணைத்தலைவர் எஸ். சுப்பிரமணியத்தோடும் தொடர்புடையனவாக அறியப்பட்டிருந்தன. வாசகர் இதனை அறிந்தே வாசித்தனர். கிள்ளானில் இரண்டு நாளிதழ்களை ஒருங்கே வாங்கி, ஒன்று விட்டதை மற்றொன்றில் தேடிய பெரியவர்களை நான் அறிவேன். அதுவும் ஒருவகைப் பாட ஒப்பீடே.

தேர்தலில் சாமிவேலு சுங்கை சிப்புட்டில் தோல்வியுற்றார். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடுப்புக்காவலில் இருந்த மனோகரன், கிள்ளானின் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார். சிலாங்கூர் ஆட்சியும் கைமாறியது. அடுத்த மாதமே மக்கள் ஓசையின் வெளியீட்டு உரிமம் புதுப்பிக்கப்படாமல் மறுக்கப்பட்டு, பின்னர் வழங்கப்பட்டது. 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி அன்று ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பித்தல் வேண்டும். 2012இல்தான் அவ்விதி நீக்கப்பட்டது. ஆண்டுக்கொருமுறை உரிமத்திற்கு விண்ணப்பிக்கும் ஆசிரியர் தம் கருத்தைத் தலையங்கத்தில் வெளிப்பட வைக்கத் தயங்குவார். எனவே அது செய்தியின் இலக்கணத்துக்குள் புகுந்துகொள்கிறது என்பது என் துணிபு.

‘கூறப்படுகிறது’, ‘நம்பப்படுகிறது’ என்னும் செயப்பாட்டுவினைகள் கூறியவரையும் நம்பியவரையும் மறைத்துவிடுகின்றன. ‘அரசியல் வட்டாரங்கள்’ என்னும் தொடருக்கு முகவரியே இல்லை. ஒருவர் ‘தோல்வியுற்றார்’ என்பதும் ‘மண்ணைக் கவ்வினார்’ என்பதும் ஒரே நிகழ்ச்சிதான். ஆயின் பின்னது தலையங்கம். ஒருவருக்குப் பட்டங்கள் அனைத்தையும் இட்டு, அவர்தம் எதிராளியை வெறும் பெயரால் சுட்டுவதும் அத்தகையதே. வெளிநாட்டில் ஆய்வு செய்த காலத்தில் இவற்றை இதழியல் பயிற்சியின்மை என்றே எண்ணியிருந்தேன். அது அவசர முடிவு.

தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது; ஒப்பிட்டு வாசிக்கும் பழக்கமும் அருகிவருகின்றது. நம் கருத்துணர்தல் வினாக்களோ யார், எங்கே, எப்போது என்பதோடு நின்றுவிடுகின்றன. ஷா ஆலமில் என்னிடம் பயிலும் மாணவர்க்குத் தேர்தல் செய்தியொன்றைக் கொடுத்து, செயப்பாட்டுவினைகளையெல்லாம் செய்வினையாக மாற்றி எழுதப் பணிப்பதுண்டு. எழுவாய்க்குரிய இடத்தில் பெரும்பாலோர் கோடிட்டே தருகின்றனர். ஒரு மாணவி மட்டும் அவ்விடத்தில் நாளிதழின் பெயரை எழுதியிருந்தார்.