தன் புத்தகத்துக்குத் தானே தண்டோரா: விட்மன், பாரதி, ஒரு டிராகன் பையன்

தானே எழுதி, தானே பிழை திருத்தி, தானே அட்டை போட்டு, தானே வெளியிடுகிறவர்கள் தமிழில் இப்போது நிறையப் பேர். நானும் அதில் ஒருத்தன். பகலில் மென்பொருள் வேலை, ராத்திரி மாயப்புனைவு நாவல், நடுவில் எப்போதாவது கவிதை. எங்கள் எல்லாருக்கும் உள்ள ஒரே கேள்வி இதுதான்: புத்தகம் வந்தாச்சு, யாருக்கும் தெரியலை, என்ன பண்றது? வாட்ஸாப் குழுவில் லிங்க் போட்டால் கைகூப்பும் பொம்மை வரும், கட்டைவிரல் வரும். வாசகர் வரமாட்டார்.

விளம்பரக் குறிப்புகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றைத் திருப்பிச் சொல்லப் போவதில்லை. சொந்தச் செலவில் புத்தகம் போட்டவர்கள் முன்பு என்ன செய்தார்கள், அதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று கொஞ்ச நாளாகத் தேடிப் படித்து வருகிறேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

முதலில் வால்ட் விட்மன். சுயவிளம்பரத்துக்கு ஒரு குலதெய்வம் உண்டென்றால் அவர்தான்.

1855 ஜூலையில் நியூயார்க் பக்கத்தில் புரூக்ளினில், தெரிந்தவர்களின் சின்ன அச்சகம் ஒன்றில் 'புல்லின் இதழ்கள்' தொகுப்பை அவர் சொந்தப் பணத்தில் அச்சடித்தார். 12 கவிதைகள், நூற்றுக்கும் குறைவான பக்கங்கள், 795 பிரதிகள். அச்சுத் தொழில் தெரிந்தவர் என்பதால் சில பக்கங்களுக்கு அவரே எழுத்துக் கோத்தார். தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயரே இல்லை. எதிர்ப்பக்கத்தில், மேல்சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு இடுப்பில் கைவைத்து நிற்கும் ஒரு ஆளின் படம் மட்டும். இன்றைக்குப் பார்த்தாலும் நல்ல அட்டை உத்திதான்.

புத்தகம் போகவில்லை. விட்மன் என்ன செய்தார்? தானே மதிப்புரை எழுதினார், பெயர் போடாமல். ஒன்றல்ல, மூன்று பத்திரிகைகளில். அமெரிக்காவுக்கே உரிய கவிஞன் கடைசியில் வந்துவிட்டான் என்கிற தோரணையில் தன்னையே புகழ்ந்துகொண்டார். தன் தோற்றம், உடல்வாகு வரைக்கும் வர்ணனை உண்டு. நம் ஊரில் போலிக் கணக்கு தொடங்கித் தன் புத்தகத்துக்கு ஐந்து நட்சத்திரம் போடுகிறவர்களுக்கெல்லாம் அவர் பாட்டன்!

அந்த மூன்று மதிப்புரைகளால் பெரிதாக எதுவும் நடக்கவில்லை என்பதுதான் விஷயம். நடந்தது வேறொரு செயலால். புத்தகத்தின் ஒரு பிரதி, அன்றைய அமெரிக்காவின் மிகப்பெரிய சிந்தனையாளரான எமர்சனுக்குப் போனது. இருவருக்கும் முன்பின் பழக்கம் கிடையாது. ஜூலை 21 தேதியிட்டு எமர்சன் பதில் எழுதினார். மனம் திறந்த பாராட்டு. முகம் தெரியாத ஒருவனின் பெரும் பயணத்தை அதன் ஆரம்பத்திலேயே அடையாளம் கண்டு வாழ்த்துகிற கடிதம்.

அதை வைத்து விட்மன் செய்தது நல்ல வேலையும் கெட்ட வேலையும் கலந்தது. அனுமதி கேட்காமல் அக்டோபரில் அந்தத் தனிக் கடிதத்தை நியூயார்க் டிரிப்யூன் பத்திரிகையில் வெளியிட வைத்தார். அடுத்த வருஷம் வந்த இரண்டாம் பதிப்பின் முதுகில், கடிதத்தின் ஒரு வரியை எமர்சன் பெயரோடு தங்க எழுத்தில் பொறித்தார். உள்ளே முழுக் கடிதமும், அதற்குத் தன் நீண்ட பதிலும். அந்தப் பதிலில், முதல் பதிப்பு ஆயிரம் பிரதி போட்டேன், சுலபமாக விற்றுப்போனது என்று வேறு எழுதினார். அடித்ததே 795! எமர்சனுக்கு வருத்தம் என்பார்கள். இருக்காதா பின்னே? இரண்டாம் பதிப்பும் சரியாகப் போகவில்லை.

ஆனாலும் கவனியுங்கள். எமர்சன் என்ற ஒருவர் சொன்னது விட்மனை விட்டுப் போகவே இல்லை. விமர்சகர்கள் அவரை எடுத்துப் படிக்க அது காரணமானது. தங்க எழுத்து வேலை செய்யவில்லை, கடிதம் வேலை செய்தது. 1882-ல் பாஸ்டனில் அரசு வழக்கறிஞர் ஆபாசம் என்று மிரட்டி, பதிப்பாளர் பின்வாங்கி, புத்தகம் பிலடெல்பியாவில் மறுபடி வந்தபோது விறுவிறுவென்று விற்றது. அதுவும் அடுத்தவர் வாய்தான், திட்டுகிற வாய் என்றாலும்.

என் கணக்கு இதுதான்: ஆசிரியர் தன் புத்தகத்தைப் பற்றிச் சொல்வதற்குச் சந்தையில் மதிப்பு ஏறக்குறைய பூஜ்யம். அது அவர் பொய் சொல்வார் என்பதால் அல்ல. அவர் அதைச் சொல்வதில் அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை என்பதால். எமர்சன் சொன்னபோது அவர் தன் பெயரைப் பணயம் வைத்தார். அதற்குத்தான் விலை. அப்படியானால் ஆசிரியர் செய்யக்கூடிய விளம்பரம் என்பது கத்துவது இல்லை. தன் பெயரைப் பணயம் வைக்கத் தயாராக இருக்கும் ஒருவர் கையில் புத்தகம் போய்ச் சேரும்படி செய்வது, போய்ச் சேர்ந்த பிறகு அவர் படிப்பதற்கு இடைஞ்சல் இல்லாமல் வைத்திருப்பது. இவ்வளவுதான்.

நம் ஊர் உதாரணம் இதைவிடக் கச்சிதமானது. 1907-ல் ஜி.ஏ. நடேசன், பாரதியை சென்னையில் வி. கிருஷ்ணசாமி ஐயர் வீட்டுக்கு அழைத்துப் போனார். ஐயர் மிதவாதி, பெரிய வழக்கறிஞர். பாரதியோ தீவிரவாதக் கட்சி, மிதவாதிகளைப் பத்திரிகையில் வறுத்தெடுத்தவர். பாரதி பாடிக்காட்டினார். ஐயர் உருகிப்போய், அரசியல் பகையை ஒதுக்கிவைத்து, தன் செலவில் பாடல்களை 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாகப் பரப்பினார். அடுத்த வருஷமே பாரதி 'ஸ்வதேச கீதங்கள்' தொகுப்பைத் தானே வெளியிட்டார். எதிர்க்கட்சிக்காரர் கொடுக்கும் சான்றிதழைவிடப் பெரிய மதிப்புரை உண்டா?

அதே பாரதி 1920-ல் வேறொரு வழியை முயன்றார். புதுச்சேரி வாசத்தில் சேர்ந்த எழுத்துகளையெல்லாம் 40 புத்தகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் 10,000 பிரதி, ஆக மொத்தம் 4 லட்சம் என்று திட்டம் போட்டார். அச்சுக்கும் விளம்பரத்துக்கும் சுமார் 20,000 ரூபாய் வேண்டும், கடன் கொடுங்கள், வட்டியோடு திருப்பித் தருகிறேன் என்று நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெய், தீப்பெட்டி போலத் தன் புத்தகங்கள் சகஜமாகவும் வேகமாகவும் விற்கும் என்று நம்பினார். படிக்கும்போது தொண்டை அடைக்கிறது. ஏனென்றால் அவர் மதிப்பீடு சரி. தமிழ்நாட்டில் அவர் எழுத்து பின்னாளில் அதைவிட அதிகமாகவே பரவியது. பணம் வரவில்லை. 1921 செப்டம்பரில் அவர் போய்விட்டார்.

பாடல் 15,000 பிரதி பரவியதற்கும் 40 புத்தகம் அச்சேறாததற்கும் நடுவே தரத்தில் வித்தியாசம் இல்லை. முதலாவதில் ஐயர் பாடலைக் கேட்டார். இரண்டாவதில் நண்பர்கள் கையில் கிடைத்தது ஒரு திட்ட அறிக்கை. மென்பொருள்காரன் பாஷையில் சொன்னால், முதலாவது ஓடுகிற டெமோ.

இப்போது மாயப்புனைவு. கவிதையை ஒரு நிமிஷத்தில் பாடிக்காட்டிவிடலாம். 500 பக்க டிராகன் கதையை எப்படிக் காட்டுவது?

கிறிஸ்டோபர் பவுலினி, அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துப் பள்ளத்தாக்கு ஒன்றில் வீட்டிலேயே படித்த பையன். 15 வயதில் 'எரகான்' எழுத ஆரம்பித்தார். 2002-ல் பெற்றோர் தங்கள் சின்னக் குடும்பப் பதிப்பகத்தின் மூலம் அதை வெளியிட்டார்கள். முதல் பதிப்பின் அட்டையில் இருந்த டிராகன் கண்ணை அவரே வரைந்தார். உள்ளே இருக்கும் வரைபடமும் அவர் கைவேலை. குடும்பத்தின் சேமிப்பெல்லாம் இதில் இறங்கியிருந்தது. பலிக்காவிட்டால் வீட்டை விற்க வேண்டிய நிலைமை.

அவர் செய்த விளம்பரம் ஊர் ஊராகப் போனது. பள்ளிகள், நூலகங்கள், புத்தகக் கடைகள் என்று 135-க்கும் மேற்பட்ட இடங்கள். சிவப்புச் சட்டை, தொளதொள கறுப்புக் கால்சட்டை, கயிறு கட்டிய பூட்ஸ், தலையில் தொப்பி என்று இடைக்கால ஐரோப்பிய ஆள் மாதிரி வேஷம். நம் தெருக்கூத்துக்காரருக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இராது. ஒப்பனையோடு வந்தால்தானே சபை திரும்பும்? ஆனால் வேஷத்தைவிட முக்கியம், அவர் போய்ப் பேசியது வாசிப்பதையும் எழுதுவதையும் பற்றி. வாங்கு வாங்கு என்று நிற்பவனைப் பள்ளிக்கூடம் உள்ளே விடாது. பிள்ளைகளுக்குக் கொடுக்க ஏதோ வைத்திருப்பவனை விடும்.

அப்புறம் நடந்தது பலருக்கும் தெரியும். 2002 கோடையில் எழுத்தாளர் கார்ல் ஹையாசன் குடும்பத்தோடு மொன்டானா வந்தார். அவருடைய மனைவியின் மகன் இந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு ஓஹோ என்றான். ஹையாசன் தன் பதிப்பாளரான நாஃப் நிறுவனத்துக்குச் சொன்னார். 2003 ஆகஸ்டில் அவர்கள் வெளியிட்டார்கள், பட்டியல்களில் ஏறியது. இதை அதிர்ஷ்டம் என்று விட்டுவிடுகிறார்கள். பாதி உண்மை. ஆனால் அந்தப் பையன் கைநீட்டிய இடத்தில் புத்தகம் இருந்ததே, அது அதிர்ஷ்டமில்லை. 135 ஊர் நடை.

சரி, நம் கிண்டில் சமாச்சாரத்துக்கு வருவோம். 2016 இறுதியில் அமேசான் தமிழில் நேரடிப் பதிப்புக்கு வழி திறந்தது. இங்கே மேலே சொன்ன இரண்டு விஷயங்களும் மிகச் சில்லறையான இடங்களில் வந்து மாட்டுகின்றன.

முதலாவது மாதிரிப் பகுதி. வாங்குவதற்கு முன் ஒருவர் இலவசமாகப் புரட்டிப் பார்ப்பது புத்தகத்தின் தொடக்கம்தான், வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கு. 150 பக்கக் கவிதைத் தொகுப்பு என்றால் 15 பக்கம். நம் வழக்கப்படி முதலில் சமர்ப்பணம், பிறகு வாழ்த்துரை, அணிந்துரை, இன்னொரு அணிந்துரை, நன்றியுரை, என்னுரை. கூட்டிப் பாருங்கள், மாதிரி முடிந்துவிட்டது, ஒரு கவிதைகூட வரவில்லை! கடைக்கு வந்தவருக்குச் சாப்பாட்டைக் காட்டாமல் கல்யாணப் பத்திரிகையைக் காட்டுகிறோம். என் தொகுப்பில் முதல் பக்கமே கவிதை, உரைகள் எல்லாம் கடைசியில். அணிந்துரை தந்த பெரியவரிடம் முன்கூட்டியே விளக்கிச் சொன்னேன், அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். மாயப்புனைவுக்கும் இதே கதி. ராஜ்யங்களின் பட்டியல், வம்சாவளி, கற்பனைச் சொற்களுக்கு அகராதி எல்லாவற்றையும் முன்னால் அடுக்கிவிட்டு, 40-ஆவது பக்கத்தில் கதை தொடங்கினால் யார் காத்திருப்பார்? வரைபடம் ஒன்று போதும் முன்னால். மற்றது பின்னால்.

இரண்டாவது, செலக்ட் என்ற திட்டம். அதில் சேர்த்தால் 90 நாளில் 5 நாள் இலவசமாக விடலாம், சந்தாதாரர்கள் படிக்கும் பக்கங்களுக்குப் பணம் வரும். தமிழில் பலருக்கு விற்பனையைவிடப் பக்கக் கணக்கில் வருவதே அதிகம் என்று சொல்லக் கேட்கிறேன். ஆனால் அந்த 90 நாளும் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. மாதிரியாகப் பத்து சதவீதம் வரைதான் வெளியே வைக்கலாம். நம் கவிஞர்களில் பலர் ஒவ்வொரு கவிதையையும் முகநூலிலும் வலைப்பூவிலும் போட்டு, அதையே தொகுத்துக் கிண்டிலில் ஏற்றுகிறார்கள். தொடர்கதைத் தளங்களில் நாவலை ஓடவிட்டவர்களும் அப்படியே. செலக்ட்டில் சேர்க்கிற ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் அது நிபந்தனை மீறல். புத்தகத்தையே எடுத்துவிடும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. கவிதைக்கு, என் அபிப்பிராயத்தில், செலக்ட் வேண்டவே வேண்டாம். கவிதை ஊர் சுற்றினால்தான் பிழைக்கும். நாவலுக்கு வேண்டுமானால் சேர்க்கலாம், முதல் ரெண்டு மூணு அத்தியாயம் மட்டும் வெளியே இருக்கட்டும்.

மதிப்புரை பற்றியும் ஒன்று. ஆசிரியரோ, குடும்பத்தாரோ, நெருங்கிய நண்பரோ எழுதும் மதிப்புரையை அமேசான் ஏற்பதில்லை. கண்டுபிடித்தால் நீக்கும். விட்மன் இன்று இருந்தால் கணக்கு முடங்கியிருக்கும்.

கடைசியாக ஒரு தேடல் சிக்கல். ஃபேன்டஸிக்குத் தமிழில் நிலைத்த சொல் இன்னும் இல்லை. மாயப்புனைவு என்கிறோம், மிகைபுனைவு என்கிறோம், மாயாஜாலக் கதை என்று அம்புலிமாமா படித்தவர்கள் சொல்வார்கள். ராஜா, கோட்டை வந்தால் வாசகர் அதைச் சரித்திர நாவல் என்றே தேடுவார். வெளியிடும்போது தேடுசொற்களுக்கென்று 7 பெட்டிகள் தருகிறார்கள். நாலைந்து பெட்டியை இந்தப் பெயர்களுக்கே ஒதுக்குங்கள், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தேடுகிறவருக்காக ஒன்று. சரித்திர நாவல் என்ற சொல்லை மட்டும் போடாதீர்கள். சோழர் காலம் என்று நம்பி வந்தவர் மூன்றாம் பக்கத்தில் டிராகனைப் பார்த்தால் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுத்தான் போவார், அதுவும் உண்மையான வாசகர் என்பதால் நீக்கவே முடியாது.