பகையும் நீதியும்

1983 கலவரத்தில் நுவரெலியாக் கடைகள் எரிந்ததைக் கண்ட பாட்டி ஒருவர் கொட்டகலையில் என்னிடம் சொன்னார்: "எரிச்சவங்களும் சிங்களவங்கதான் சேர், எங்கள ஒளிச்சு வச்சவங்களும் சிங்களவங்கதான்."

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரை வெளியேற்றினர். யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குக் கிடைத்தது இரண்டே மணி நேரம். அப்படி வந்து புத்தளத்தில் வாழும் ஓர் உம்மாவும் இதையேதான் சொன்னார்: "துரத்தினது இயக்கம் தம்பி. பக்கத்து வீட்டு அக்கா அழுதுகொண்டு நிண்டவ."

செய்தவனை அவன் இனத்திலிருந்து பிரித்துப் பார்ப்பதுதான் இவர்களைத் தாங்கி நிற்கிறது. பகையிலும் நீதி தவறாதே என்னும் அல்மாயிதா 8ஆம் வசனத்தின் போதனையும் இதுவே. ஆனால் இது மறதி அல்ல. இழந்த வீட்டை உம்மா இன்றும் கேட்கிறார். மன்னிப்பது இழந்தவரின் உரிமை. "மறந்துவிடுங்கள்" என்று சொல்ல நாம் யார்?