மேடையில் எழுந்த மலையகக் குரல்

பெண்களின் தலைமை பற்றிப் பேச்சு எழுந்தால், நம் நினைவு உடனே 1960ஆம் ஆண்டுக்குச் செல்லும். அவ்வாண்டு ஜூலை மாதத்தில் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதலாவது பெண் பிரதமரானார். பெருமைப்பட வேண்டிய செய்திதான். எனினும் அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நெருடலும் ஏற்படுவதுண்டு. அதே ஆண்டில் மலையகத்தில் கொழுந்து பறித்த பெண்களுள் மிகப் பெரும்பாலானோருக்கு வாக்குரிமையே இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் அவர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றிவிட்டன.

ஆகவே, பதவியை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் நாம் பலரைத் தவறவிட நேரும். அவ்வாறு தவறவிடக்கூடாத ஒருவர் மீனாட்சியம்மாள். தோட்டத் தொழிலாளருக்காகத் தொழிற்சங்கம் அமைத்த கோ. நடேசய்யரின் துணைவியார். 'தேசபக்தன்' பத்திரிகைப் பணியிலும் கணவரோடு தோள்கொடுத்தவர். எந்தச் சபையிலும் அவர் ஆசனம் பெற்றதில்லை. அவருடைய ஆசனம் பொதுக்கூட்ட மேடை, ஆயுதம் பாட்டு.

தோட்டத்துப் பெண்ணுக்குப் பாட்டு புதியதல்ல. தாலாட்டும் ஒப்பாரியும் அவளுடையவை. பெரட்டுக்களத்தில் வாய் திறக்க முடியாதவள், தேயிலை மலையில் தன் துயரைப் பாட்டாக்கினாள். ஆனால் அந்தக் குரல் லயத்துக்கும் மலைக்கும் உள்ளேயே நின்றது. கணக்கப்பிள்ளை ஆண், கங்காணி ஆண், மேடையில் பேசுபவரும் ஆண். மீனாட்சியம்மாள் அந்த எல்லையைத் தாண்டினார். கூட்டத்தின் முன் நின்று அரசியலையே பாடினார்.

1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலைசெய்த இந்தியர்களைப் பணிநீக்கும் நடவடிக்கை தொடங்கியது. அந்தச் சூழலில் 1940இல் வெளிவந்த அவருடைய பாடற் பிரசுரத்தின் பெயர், 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை'. பிரிந்து கிடந்தால் உரிமை பறிபோகும் என்று எச்சரித்த குரல் அது. எட்டே ஆண்டுகளில் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது.

இங்கு நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவருடைய பாடல்களை முதன்முதலாக அச்சில் வாசித்தபோது அவை என்னைப் பெரிதும் கவரவில்லை. படிமம் எங்கே, சொல்நயம் எங்கே என்று தேடினேன். பின்னர்தான் என் அளவுகோலின் குறை எனக்குப் புரிந்தது. அவை தனியே இருந்து வாசிப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. மக்கள் ஏற்கெனவே அறிந்திருந்த மெட்டுக்களில் அமைந்தவை. எழுத்தறியாத ஒரு பெண், கூட்டத்தில் ஒருமுறை கேட்டதை மனதில் ஏற்றிக்கொண்டு லயத்துக்குத் திரும்பலாம். மறுநாள் கொழுந்து பறிக்கையில் பக்கத்து நிரையில் நிற்பவளுக்கும் பாடிக் காட்டலாம். வெளியார் நுழைவதைத் தடுத்த தோட்ட எல்லையைப் பாட்டு இப்படித்தான் கடக்கும். துண்டுப் பிரசுரத்தைப் பறித்துவிடலாம். நாவில் ஏறிய பாட்டை எந்தத் துரை பறிப்பது? எளிமை அப்பாடல்களின் குறையன்று. அதுவே அவற்றின் நுட்பம்.

மீனாட்சியம்மாளின் பாதை அவருக்குப் பின் அகலமாகிவிடவில்லை. தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் கிடைக்க 1984ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. சங்கத்துக்குச் சந்தா செலுத்தியவர்களில் பெண்கள் ஏராளம். தலைமையில் அமர்ந்தவர்களோ ஆண்கள். 2024 நவம்பர் பொதுத்தேர்தலில்தான் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேல், நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வி என மலையகப் பெண்கள் இருவர் வாக்குகளால் தெரிவாகிப் பாராளுமன்றம் சென்றனர். மீனாட்சியம்மாளின் பிரசுரம் வெளிவந்து அப்போது எண்பத்துநான்கு ஆண்டுகள் கடந்திருந்தன.

அந்த நீண்ட இடைவெளியில் பேச இடமின்றிப் போன பெண்கள் எத்தனை பேர்? நமது இலக்கிய வரலாறு அவர்களைத் தேடவேண்டும். நூலகத் தட்டுகளில் மட்டுமன்று, தேயிலை நிரைகளிலும் தேடவேண்டும். பாட்டி பாடிய பாட்டு ஒன்று உங்கள் வீட்டில் எஞ்சியிருந்தால், நேயர்களே, அதை இன்றே எழுதி வையுங்கள்.