இரைப்பையைத் தாக்கும் ஒவ்வாமை அழற்சி

சாப்பிட்ட சிறிது நேரத்தில் மேல் வயிற்றில் வலி, குமட்டல், கொஞ்சம் உண்டாலே வயிறு நிறைந்துவிட்டது போன்ற உணர்வு. இவை வந்தால் 'அல்சர்' என்று நாமே முடிவு செய்து, மருந்துக் கடையில் அமிலம் குறைக்கும் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது கிராமங்களில் வழக்கமாகிவிட்டது. பலருக்கு அதிலேயே குணம் தெரியும். ஆனால், மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் வலி தீராமல், உடல் இளைத்து, இரத்தம் குறைந்துகொண்டே போகிறவர்களும் உண்டு. அவர்களுள் சிலருக்கு இருப்பது புண் அன்று. ஒவ்வாமையோடு தொடர்புடைய ஒருவகை இரைப்பை அழற்சி. இது அரிதான நோய்தான். எனினும், வெறுங்காலோடு மண்ணில் பாடுபடும் உழவர்கள் இதைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தனிக் காரணம் ஒன்று உண்டு.

நோயின் தன்மை

நம் இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களில் ஒருவகை ஈயோசினோபில். ஈயோசின் என்னும் சிவப்புச் சாயத்தை நன்கு ஏற்பதால் ஜெர்மன் அறிஞர் பால் எர்லிக் 1879-ஆம் ஆண்டு இவ்வணுக்களை இனங்கண்டு பெயரிட்டார். நம்மூரில் 'ஈஸ்னோபீலியா' என்றாலே இளைப்பும் இருமலும் என்று பொருள்கொள்கிறோம். உண்மையில், இவ்வணுக்கள் இரத்தத்தில் மிகுந்திருப்பதையே அச்சொல் குறிக்கும். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் இவை 500-க்கு மேற்பட்டால் மிகுதி எனலாம். உடலில் புழு புகுந்தாலும் பெருகும்; ஒவ்வாத பொருள் சேர்ந்தாலும் பெருகும்.

இவ்வணுக்கள் இரைப்பையின் சுவரில் திரண்டு, தம்மிடமுள்ள நச்சுப் புரதங்களை வெளியிட்டுத் திசுவைச் சிதைப்பதே இந்நோய். உட்படலம் கெட்டால் வலி, வாந்தி, இரத்தசோகை, கால் வீக்கம் ஆகியவை தோன்றும். தசைப்பகுதி தடித்தால் உணவு இறங்காமல் வாந்தியாகும். வெளிப்படலத்தைத் தாக்கினால் வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஆஸ்துமா, கரப்பான், அடுக்குத் தும்மல் போன்ற ஒவ்வாமை ஏதேனும் இருந்திருக்கும். குழந்தைகளுக்கு வந்தால் வளர்ச்சி தடைப்படும்.

இரத்தப் பரிசோதனை மட்டும் போதாது. சிலருக்கு இரத்தத்தில் அணுக்கள் சரியான அளவிலேயே இருக்கும். வாய்வழியே குழாய் செலுத்திப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி தேவை. கண்ணுக்கு இரைப்பை நன்றாகவே தோன்றலாம் என்பதால், பல இடங்களிலிருந்து சிறு சதைத் துணுக்குகளை எடுத்து நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்தே மருத்துவர் முடிவு செய்வார்.

முதலில் புழுவைத் தேடுங்கள்

முன்பு குறிப்பிட்ட காரணம் இதுதான். பயிரின் இலை மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறைவா, துத்தநாகக் குறைவா என்று பார்க்காமல் உரம் போடமாட்டீர்கள். அதுபோல, ஈயோசினோபில் மிகுந்து வயிறும் வலித்தால், அது ஒவ்வாமையா, புழுவா என்று பிரித்தறியாமல் மருந்து எடுக்கக்கூடாது.

மனித மலம் கலந்த ஈரமண்ணில் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் வாழ்கின்றன. அவ்வாறே ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்னும் மிக நுண்ணிய புழுவும் வாழ்கிறது. இரண்டும் பாதத்தின் தோலைத் துளைத்து உள்ளே புகும். நிழலும் ஈரமும் உள்ள தோட்டங்களில் வெறுங்காலோடு வேலை செய்வோர் இவற்றுக்கு எளிதில் இரையாகின்றனர். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் உடலுக்குள்ளேயே இனம்பெருக்கி மறுபடியும் தொற்றிக்கொள்ள வல்லது. பல ஆண்டுகள் தொல்லை தராமலும் குடலில் தங்கியிருக்கும்.

ஒவ்வாமை அழற்சிக்குப் பிரட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள். அது உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கி அழற்சியைத் தணிக்கும். இப்புழு உள்ளவருக்கு அதே மாத்திரை கொடுத்தால் புழுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, நுரையீரல் முதலிய உறுப்புகளுக்குப் பரவும். குடலிலுள்ள பாக்டீரியாக்களும் அவற்றோடு இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மூட்டு வலிக்கும் இளைப்புக்கும் சீட்டில்லாமல் இந்த மாத்திரையை வாங்கிப் போடுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள்: "ஐயா, நான் மண்ணில் வெறுங்காலோடு வேலை செய்கிறவன்; புழு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்." ஒரு நாள் மலத்தைச் சோதித்தால் இப்புழு தப்பிவிடக்கூடும், பல நாள் மாதிரிகளும், வசதியிருந்தால் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். வழக்கமாக ஒரே வேளை கொடுக்கும் அல்பெண்டசோல் இதற்குப் போதாது. ஐவர்மெக்டின் நல்ல மருந்து. அந்தப் பெயரைக் கேட்டதும் ஆடு மாடுகளுக்கு வாங்கி வைத்த புட்டி நினைவுக்கு வரலாம். அதைத் தொடவே வேண்டாம்! மனிதருக்குரிய மாத்திரையை எடைக்கு ஏற்ற அளவில் மருத்துவரே கொடுக்க வேண்டும்.

உணவை விலக்கிப் பார்த்தல்

புழு இல்லை, நோய் ஒவ்வாமையே என்று உறுதியானால், எந்த உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டறிய முயலலாம். தோலில் குத்திப் பார்க்கும் சோதனை இந்நோயில் நம்பத்தக்க விடை தருவதில்லை. பால், முட்டை, கோதுமை, சோயா, நிலக்கடலையும் முந்திரி போன்ற பருப்புகளும், மீன் வகைகள் ஆகிய ஆறையும் ஏறக்குறைய ஆறு வாரம் அறவே நிறுத்துவார்கள். குணம் தெரிந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, இடையிடையே துணுக்கெடுத்துப் பார்த்து, குற்றவாளியைப் பிடிப்பார்கள்.

கேட்க எளிதாக இருந்தாலும், நம் அடுக்களையில் இது கடினம். பாலை நிறுத்தினேன் என்பவர் மோரும் நெய்யும் சேர்த்துக்கொண்டிருப்பார். பசும்பாலுக்குப் பதில் ஆட்டுப்பால், எருமைப்பால் குடிப்பதும் பயன் தராது; அவற்றின் புரதங்கள் பசும்பாலின் புரதங்களை ஒத்தவை. நாட்டுக்கோழி முட்டையும் முட்டையே. ரவை, சேமியா, மைதா, பிஸ்கட் எல்லாம் கோதுமைதான். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில்கூடக் கோதுமை மாவு கலந்திருப்பதுண்டு! 'மீல்மேக்கர்' என்பது சோயா. மீனோடு கருவாடு, இறால், நண்டும் சேரும்.

நல்லவேளையாக அரிசி, கேழ்வரகு, கம்பு, சாமை, காய்கறி, கீரை, ஆட்டிறைச்சி, கோழி ஆகியவை இந்த ஆறில் இல்லை. துவரையும் பாசிப்பயறும் மருத்துவர் தடுக்காதவரை சேர்க்கலாம். பாலை நிறுத்துவதால் குறையும் சுண்ணாம்புச் சத்தைக் கேழ்வரகு பெருமளவு ஈடுசெய்யும். 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உள்ளது. குழந்தைகளுக்கு மட்டும் மருத்துவர் மேற்பார்வையின்றி இம்முறையைக் கையாளக் கூடாது. தினமும் உண்டதையும் வலி வந்த நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்.

மருந்து

உணவை விலக்கியும் குணம் காணாவிட்டாலோ, நோய் கடுமையாக இருந்தாலோ ஸ்டீராய்டு தேவைப்படும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் நல்ல பலன் தெரியும்; நிறுத்தியபின் நோய் திரும்புவதும் உண்டு. நாள்பட உண்டால் சர்க்கரை ஏறும், எலும்பு வலுவிழக்கும். வலி நின்றதும் மாத்திரையைத் திடீரென நிறுத்திவிடக்கூடாது. மருத்துவர் சொன்னபடி படிப்படியாகவே குறைக்க வேண்டும். மலம் தார்போலக் கறுத்துப் போனாலோ, உண்டதெல்லாம் வாந்தியானாலோ, வயிறு வீங்கினாலோ, மாத்திரை உண்ணும் காலத்தில் காய்ச்சலோ மூச்சுத் திணறலோ கண்டாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உண்டுவரும் மாத்திரைகளின் சீட்டையும் மறவாமல் கையில் எடுத்துச் செல்லுங்கள்.