சுவர் தேடிய கம்பி

பெல்டெரிக், அயர்லாந்தின் வடமேற்கில் மேயோ மாவட்டத்துக் கடலோரச் சிற்றூர். அங்கே மரம் அரிது, அதனால் விறகும் அரிது. எரிபொருள் காலடியில் கிடக்கிறது, வெட்டி எடுக்க வேண்டும். 1930களில் அப்படி வெட்டப் போன ஊர்ப் பள்ளி ஆசிரியர் பேட்ரிக் கால்ஃபீல்ட், ஆழத்தில் கற்குவியல்கள் தட்டுப்படுவதைக் கவனித்தார். ஊரில் பலரும் பார்த்த கற்கள்தான். அவரோ உட்கார்ந்து யோசித்தார். கற்கள் வரிசையாகக் கிடக்கின்றன, ஆகவே யாரோ அடுக்கியிருக்கிறார்கள். எரிமண் படிவுக்கு அடியில், பழைய நிலத்தின் மேல் கிடக்கின்றன, ஆகவே படிவு உருவாகும் முன்பே அடுக்கியிருக்கிறார்கள். 1934இல் இதை டப்ளின் தேசிய அருங்காட்சியகத்துக்கு எழுதினார். உடனே ஒன்றும் நடக்கவில்லை.

அந்த எரிமண்ணின் பெயர் பீட். செத்த செடிகள் பாதி மக்கியும் மக்காமலும் படிந்த பழுப்பு நிறப் படிவு. சாதாரண நிலத்தில் உதிரும் இலையைப் பூஞ்சையும் நுண்ணுயிரும் தின்று தீர்த்துவிடும். மேயோ கடலோரத்தில் ஆண்டுக்கு 200 நாளுக்கு மேல் மழை. நீர் தேங்கிய மண்ணுக்குள் காற்று புகாது. காற்றில்லாமல் நுண்ணுயிர்களுக்கு வேலை ஓடாது. போதாததற்கு ஸ்பேக்னம் என்ற பாசி குடியேறுகிறது. தன் உலர் எடையைப்போல் சுமார் 20 மடங்கு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இந்தப் பாசி, சுற்றியுள்ள நீரையும் அமிலமாக்கிவிடும். மற்றச் செடிகள் திணற, இது தன் முன்னோரின் உடல்மேல் ஏறி வளர்கிறது. படிவு உயர்வது ஆண்டுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். நம் விரல் நகம் பத்து நாளில் அவ்வளவு வளர்ந்துவிடும். ஆனால் பாசிக்கு அவசரமில்லை. ஆயிரம் ஆண்டில் ஒரு மீட்டர். கல்சுவர் ஒன்றை முழுதாக மூட அது போதும்.

இதை வெட்டுவதும் தனிக் கலை. ஷ்லான் என்ற கருவிக்கு நீண்ட பிடி, ஒடுங்கிய அலகு, அலகின் ஓரத்தில் செங்கோணமாக நீட்டிய ஒரு சிறகு. ஒரே குத்தில் கட்டியின் இரண்டு பக்கங்கள் அறுபடும். மற்றப் பக்கங்களை முந்தைய வெட்டுகள் திறந்து வைத்திருக்கும். வெட்டிய கட்டியின் எடையில் சுமார் 90 சதவீதம் தண்ணீர். 10 கிலோ தூக்குகிறவர் 9 கிலோ தண்ணீரைத்தான் தூக்குகிறார். ஒருவர் வெட்ட, ஒருவர் வாங்கி வீச, இன்னொருவர் பரப்புவார். மேல்தோல் காய்ந்ததும் ஐந்தாறு கட்டிகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்துவார்கள்; காற்று நடுவில் புகுந்து உள்ளே உலர்த்தும். காய்ந்த கட்டிக்கு டர்ஃப் என்று பெயர். மழைக்கு இடையில் கிடைக்கும் நாட்களுக்குள் இத்தனையும் முடிய வேண்டும். ஒரு குடும்பத்தால் ஆகிற காரியமில்லை. இன்று உங்கள் வெட்டுக்கு நாங்கள், நாளை எங்கள் வெட்டுக்கு நீங்கள் என்று அண்டை வீடுகள் சேர்ந்து இறங்கும். இந்தக் கைமாற்று உழைப்புக்கு ஐரிஷ் மொழியில் மெஹல் என்று பெயர். கூலி கிடையாது, சாப்பாடு உண்டு. 2022 அக்டோபர் 31 முதல் கடைகளில் டர்ஃப் விற்கத் தடை வந்துவிட்டது, புகை காற்றைக் கெடுக்கிறது என்பதால். பரம்பரை வெட்டுரிமை உள்ளவர்கள் வீட்டுத் தேவைக்கு வெட்டிக்கொள்ளலாம்.

கடிதம் எழுதிய ஆசிரியரின் மகன் ஷேமஸ் கால்ஃபீல்ட் தொல்லியல் படித்துத் திரும்பினார். புதைந்த சுவர் எங்கே போகிறது என்று அறிய மலைச்சரிவு முழுவதையும் தோண்ட முடியுமா? அவர் கையில் எடுத்தது ஊரார் கருவி: நீளமான இரும்புக் கம்பி. படிவுக்குள் புதைந்த பைன் மரத்தண்டுகளைத் தேட ஊர்க்காரர்கள் வெகுகாலமாகக் கம்பியால் குத்திப் பார்த்து வந்தார்கள். பீட் மெத்தென்று இருப்பதால் கம்பி தடையில்லாமல் இறங்கும்; கல்லில் பட்டால் நிற்கும், அந்த அதிர்ச்சி கைக்கே தெரியும். இங்கே இரண்டு மீட்டர் இறங்கிய கம்பி, ஓரடி தள்ளிக் குத்தினால் ஒன்றரை மீட்டரில் நிற்கிறது. இன்னும் ஓரடி தள்ளினால் மறுபடி இரண்டு மீட்டர். நடுவில் சுவர் இருக்கிறது என்று பொருள். அங்கே ஒரு மூங்கில் குச்சி நட்டுவிட்டு நகர வேண்டியதுதான். மின்சாரமும் வேண்டாம், செயற்கைக்கோளும் வேண்டாம். மூங்கில் வரிசை நீள நீள, கண்ணுக்குத் தெரியாத சுவர் மேலே கோடாக எழுந்தது.

இப்படிக் குத்திக் குத்தியே, பக்கத்து ஊரான பாலிகாசில் வரை நீளும் சரிவுகளில் 100 கிலோமீட்டருக்கும் மேல் சுவர்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இன்று இவற்றுக்குக் கேஜா வயல்கள் என்று பெயர். நீண்ட சுவர்கள் கடல்பக்கமிருந்து உள்நாடு நோக்கி ஒன்றுக்கொன்று இணையாகச் செல்கின்றன. சில 2 கிலோமீட்டர்கூட நீள்கின்றன. குறுக்குச் சுவர்கள் அவற்றை வயல்களாகப் பிரிக்கின்றன. வீடுகள் ஒரே இடத்தில் நெருக்கியடிக்காமல் வயல்களுக்கிடையே சிதறி இருந்தன. கோட்டையில்லை, அகழியில்லை. மாடு மேய்க்கும் மக்கள், பகைக்கு அஞ்சாமல், பேசி வைத்துக்கொண்டு நிலத்தைப் பங்கிட்டார்கள் என்பது ஷேமஸ் கால்ஃபீல்டின் வாசிப்பு. இத்தனை கல்லைத் தனியொரு குடும்பம் சுமந்திருக்க முடியாது என்பதை மட்டும் யாரும் ஒப்புக்கொள்வார்கள்.

எப்போது கட்டினார்கள்? எப்போது அடுக்கப்பட்டோம் என்று கல் சொல்லாது. ஆனால் சுவரை மூடிய பீட்டில் பைன் மரங்கள் வேர்விட்டிருந்தன. அவற்றின் அடிக்கட்டைகள் இன்னும் கிடக்கின்றன. ஒரு காலத்தில் உயிரோடிருந்த பொருளில் கதிரியக்கக் கரிமம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளந்து வயது கணிக்கும் கரிமக் காலக்கணிப்பு இங்கே கைகொடுத்தது. மரம் நிற்பது பீட்டின் மேல், பீட் கிடப்பது சுவரின் மேல். ஆக, மரத்தைவிடச் சுவர் மூத்தது. இன்னொரு சாட்சி இன்னும் நுண்ணியது. காற்றில் பறந்து வந்து விழுந்த மகரந்தத் துகள்களைப் பீட் அடுக்கடுக்காகச் சேர்த்து வைத்திருக்கிறது. கால்வே பல்கலைக்கழகத்தின் கேரன் மலாயும் மைக்கேல் ஓகானலும் அவற்றை எண்ணிப் பார்த்தார்கள். ஏறத்தாழ 5,700 ஆண்டுகளுக்கு முன் மர மகரந்தம் சரிகிறது. புல்லும் மேய்ச்சல் நிலக் களைகளும் பெருகுகின்றன, தானியமும் கொஞ்சம் தலைகாட்டுகிறது. சில நூற்றாண்டுகள் கழித்துக் காடு திரும்பி வருகிறது. சில நூறு ஆண்டு விவசாயத்தின் வரவுசெலவுக் கணக்கு சேற்றுக்குள் அப்படியே இருக்கிறது!

இவ்வளவு அழகாகப் பொருந்தும் கணக்கைச் சந்தேகிக்கவும் ஆள் வேண்டும். 2017இல் ஆண்ட்ரூ வைட்ஃபீல்ட் என்ற தொல்லியலாளர், இந்தச் சுவர்களில் பல வெண்கலக் காலத்தவையாக, அதாவது ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் இளையவையாக இருக்கலாம் என்று எழுதினார். 5,700 ஆண்டுகளுக்கு முன் அங்கே மேய்ச்சல் நடந்தது என்று மகரந்தம் சொல்கிறது. ஆனால் மேய்த்தவர்கள்தான் சுவர் கட்டினார்கள் என்று அது சொல்லவில்லை. நியாயமான கேள்வி. பதில் தேட வேண்டிய இடமும் தெரியும்: சுவருக்கு அடியில் சிக்கிய பழைய மண். அதை எட்டக் கம்பி போதாது, சுவரைக் கல் கல்லாகப் பிரிக்க வேண்டும். சுவர்களில் மிகப் பெரும்பகுதியை இன்னும் யாரும் திறந்து பார்க்கவில்லை.