நம் ஓவியரை நாம் அறிவோமா?

உயர்வகுப்பு மாணவர் ஒருவரிடம் நம் நாட்டுக் கவிஞர் ஐவரின் பெயர்களைக் கேட்டால், தயங்காது கூறுவர். ஓவியர் ஐவரைக் கேட்டாலோ, இரவிவர்மா என்பர், லியனார்டோ டாவின்சி என்பர், பிக்காசோ என்பர். கடல் கடந்த நாட்டாரின் பெயர்கள் நாவில் நிற்க, அயலூரில் வாழ்ந்து தூரிகை பிடித்தவரின் பெயர் ஒன்றேனும் வருவதில்லை. இக்குறை மாணவருடையதன்று, வீட்டுச் சுவரில் நாட்காட்டிப் படத்தையன்றி வேறொன்றையும் மாட்டியறியாத பெரியோராகிய நம்முடையதே.

ஓவியர் நம்மிடையே இல்லாமலில்லை. 1920களில் இலங்கையின் தலைமைச் சித்திர வித்தியாதரிசியாகக் கடமையாற்றியவர் வின்சர் என்பார். அவர் பெயரால் 1938 இல் யாழ்ப்பாணத்தில் ஓர் ஓவியக் கழகம் தோன்றிற்று. அதனை நிறுவியவர் நம்மவரான எஸ். ஆர். கனகசபை, அவரும் சித்திர வித்தியாதரிசியே. பாடசாலைகளிற் சித்திரம் கற்பித்த ஆசிரியர்கள் அங்கு ஒன்றுகூடித் தம் கண்முன் கண்ட காட்சிகளையும் மனித முகங்களையும் தீட்டினர், கண்காட்சிகளும் வைத்தனர்.

ஐந்தாண்டு கழித்து, 1943 இல், கொழும்பிலே '43 குழு' உருவாயிற்று. லியனல் வென்ட், ஹரி பீரிஸ், ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ் முதலியோர் அதிற் சேர்ந்திருந்தனர். கீற் 1939 – 40 இல் தீட்டிய சுவரோவியங்களைப் பொறளை கோதமி விகாரையிற் காணலாம். கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் அவரே. ஆதலால் கண்ணனும் இராதையும் அவர் ஓவியங்களில் மீண்டும் மீண்டும் தோன்றுவர். அவற்றின்முன் நிற்கும்போது, "இஃது உள்ளவாறே உள்ளதா?" என்று கேட்டல் வேண்டா. கோடு எங்கே தொடங்கி எங்கே வளைந்து செல்கின்றது என்று கண்ணாற் பின்தொடர்ந்து பாருங்கள். ஒரே முகத்தில் முன்புறமும் பக்கவாட்டும் சேர்ந்து தோன்றுவதேன் என்று வினவுங்கள். ஓவியத்தை அறிதலென்பது இத்தகைய வினாக்களிலே தொடங்குவதாகும்.

வடபுலத்தில் இவ்வினாக்களை எழுப்பியவருள் தலையாயவர் அ. மாற்கு. 1933 இல் யாழ்ப்பாணம் குருநகரிற் பிறந்த அவர், கொழும்பிலே நுண்கலை பயின்று மீண்டு, சித்திர ஆசிரியரானார். மேனாட்டுக் கியூபிசத்தின் உத்தியைத் தம் மண்ணின் மாந்தரை வரைதற்குப் பயன்படுத்தினார். விடுமுறைக்கால ஓவியர் கழகம் அமைத்து இளையோருக்குக் கற்பித்தார். பின்னாளிற் புகழ்பெற்ற த. சனாதனன், வாசுகி ஆகியோர் அவரிடம் பயின்றவர்களே.

1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் யாவரும் வீடுவாசல்களைத் துறந்து வெளியேறினர். மாற்குவும் வெளியேறினார். அவ்விடப்பெயர்வில் அவருடைய ஓவியங்களுட் பல அழிந்தொழிந்தன. 2000 ஆம் ஆண்டில் அவர் காலமானார். அவரது படைப்புலகைப் பற்றி 1987 இல் வெளிவந்த 'தேடலும் படைப்புலகமும்' என்னும் நூல் இல்லையெனில், நம் இழப்பு இன்னும் பெரிதாயிருக்கும்.

கவிதை நூலின் ஒரு பிரதி எரிந்தாலும் மறு பிரதி எங்கேனும் தப்பியிருக்கும். படித்தவர் நெஞ்சிலும் சில அடிகள் எஞ்சும். ஓவியமோ உலகில் ஒன்றே. அது போயின், அதனைக் கண்டவர் நினைவன்றி வேறொன்றும் மிஞ்சாது. காண்பவரே இல்லாத ஓவியம் இருமுறை அழிகின்றது.

அழிந்ததை மீட்கவும் ஓவியம் துணைபுரிவதுண்டு. தோம்பு என்பது பழைய காணிப்பதிவேடு. அப்பெயர் தாங்கிச் சனாதனனின் நூலொன்று 2011 இல் வெளிவந்தது. இடம்பெயர்ந்தோர் தாம் விட்டுவந்த வீட்டின் அமைப்பை நினைவிலிருந்து கோடிட்டுக் காட்ட, ஓவியர் அந்நினைவுக்கு வடிவம் தந்தார். உறுதிப்பத்திரம் சொல்லாத கிணற்றடியையும் முற்றத்தையும் சித்திரம் சொல்லிற்று.

இனி நாம் செய்யத்தக்கவை எளியவையே. கொழும்புக்குச் செல்லும் குடும்பத்தினர், பார்ன்ஸ் பிளேசில் ஹரி பீரிஸ் வாழ்ந்த இல்லத்திலுள்ள சபுமல் மன்றத்திற் '43 குழு'வினரின் படைப்புக்களைக் காணலாம். 1993 இல் தொடங்கிய கலாபொல என்னும் தெருவோரக் கண்காட்சியில், தம் ஓவியங்களின் அருகில் அமர்ந்திருக்கும் ஓவியரோடு நேரிலேயே உரையாடலாம்.

அவ்வளவு தூரம் செல்ல இயலாதோர் தம் ஊரிலேயே தொடங்கலாம். ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர் ஒருவர் பெரும்பாலும் அயலில் இருப்பார். மாணவர் அவரை நாடி, வரைந்தவற்றைக் காட்டுமாறு வேண்டட்டும். படத்தின் பெயர், தீட்டிய ஆண்டு, தீட்டிய இடம் ஆகியவற்றைக் கேட்டுக் குறிக்கட்டும். படத்தை ஒளிப்படமாகவும் எடுத்து வைக்கட்டும். பெரியோர் அதனைக் கறையானும் ஈரமும் அணுகாத இடத்தில் வைக்க உதவட்டும். இயன்றவர் ஒன்றை விலைகொடுத்து வாங்கி, நாட்காட்டி தொங்கும் சுவரில் மாட்டட்டும். அவ்வீட்டுப் பிள்ளை நாள்தோறும் அதனைக் கண்டு வளரும். ஓவியர் பெயரை எவரேனும் கேட்டால், நம்மவர் ஒருவரின் பெயரை முதலிற் சொல்லும்.